கூரைத் தண்ணீர்

தாந்தில், அர்ஜென்டினா
1974 பிப்ரவரி 10

அன்புள்ள தம்பி எலாதியோவுக்கு,

உன் அக்கா பெனித்தா எழுதிக்கொள்வது. நீயும் பிலோமினாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மகன் லியாந்த்ரோ, மருமகள், ஆடுகள் எல்லோரும் சுகம். ஆடுகளைக் கடைசியில் எழுதினேனே தவிர, இந்த வீட்டில் முதல் கவனிப்பு அவற்றுக்குத்தான். எனக்கு நெஞ்சு முன்போல் இல்லை. டாக்டர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆனால் மருமகள் திடீரென்று எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து ஆட்களெல்லாம் ஒன்றுகூடி ஆடு சுட்டார்கள். புதிதாக வந்த ஒருவன் நம் பள்ளத்தாக்குக்காரன் என்றார்கள். நம் ஊர் லுசார்தே எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். "லுசார்தேயா? அங்க இப்ப யாரும்மா இருக்கா? கோயில் கூரைகூட எப்பவோ விழுந்துபோச்சு. நீங்கல்லாம் கப்பலேறின கையோட அதுவும் உக்காந்துடுச்சுன்னு சொல்வாங்க" என்றான். சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போய்விட்டான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நீ அப்போது பட்டாளத்தில் இருந்தாய். காதால் கேட்டிருப்பாயே தவிர யாரும் உன்னிடம் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1951 அக்டோபரில் என் முதல் பெண் பிறக்கும்போதே போய்விட்டாள். ஞானஸ்நானம் கொடுக்க மூச்சு இல்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. உன் அத்தான் வெனான்சியோ ஒரு கூடையில் எடுத்துப் போய், லுசார்தேயில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைக்கிற இடத்தில் வைத்தார்: கோயிலின் வடக்கு இறவாரத்தின் கீழே, கூரை விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்தில். இறவாரத்தைத் தாங்குகிற உருவக் கற்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டல்லவா, எங்கள் வீட்டுக்குப் பீப்பாய் தூக்கிய மனிதன். அவனுக்குக் கீழேதான் அவள் இருக்கிறாள்.

கோயில் கூரையைத் தொட்ட தண்ணீர் ஏழு குளிர்காலம் மேலே சொட்டினால், சாமியார் செய்ய முடியாததை அது செய்து முடிக்கும், பிள்ளை மோட்சத்துக்குப் போகும் என்பது நம் பெண்கள் பேச்சு. சாமியார்கள் காதில் யாரும் அதைப் போட்டதில்லை. அடுத்த பிப்ரவரியில் நாங்கள் கப்பலேறிவிட்டோம். ஏழு குளிர்காலம் எப்போதோ முடிந்திருக்கும் என்று இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். இப்போது இந்த ஆள் வந்து இப்படிச் சொல்கிறான்.

நான் சீக்கிரம் போய்விடுவேன், எலாதியோ. போகிற இடத்தில் அவள் இருப்பாளா, அல்லது மோட்சமும் நரகமும் இல்லாத அந்த இருட்டில் கிடப்பாளா? எனக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும். ஆட்டு மருந்து விற்கிறேன் என்று மலை முழுவதும் சுற்றுகிறாயே, வண்டியை ஒரு நாள் லுசார்தே பக்கம் திருப்பு. வடக்குக் கூரை இருக்கிறதா என்று பார். இருந்தால் கவலை விட்டது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. ஏப்ரலில் என்னைக் கப்பலில் கூட்டி வர லியாந்த்ரோ தயார். அவள் இருக்கிற இடத்தை வெனான்சியோ செருப்பு நுனியால் எனக்குக் காட்டினார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வந்து அவளை மண்ணோடு எடுத்து, கூரையுள்ள வேறொரு கோயில் இறவாரத்தின் கீழே வைப்பேன். மெதுவாக ஏறினால் இன்னும் என்னால் மலை ஏற முடியும்.

எனக்குப் பிடித்தமாதிரி எழுதாதே. சின்ன வயதிலிருந்து உனக்கு அந்த வியாதி உண்டு.

பிலோமினாவுக்கு என் முத்தங்கள்.

உன் பிரியமுள்ள அக்கா
பெனித்தா


பம்ப்லோனா
1974 மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எலாதியோ வணக்கத்துடன் எழுதுகிறேன். நாங்கள் சுகம். பிலோமினாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. உன் நெஞ்சைப் பார்த்துக்கொள். மருமகள் மரியாதை கொடுத்தால் வாங்கிக்கொள், காரணம் தேடாதே.

கணவாயில் பனி உருக நாளானதால் போன வாரம்தான் போக முடிந்தது. கீழூரில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். நாம் கோதுமை மூட்டை இறக்கிய பாதை இப்போது ஓடையாகிவிட்டது. மேலே வயல் முழுவதும் பைன் மரம் நட்டிருக்கிறார்கள். நம் வயல் எது என்று எனக்கே தெரியவில்லை. வழியில் மக்காரியோ என்று ஒரு மேய்ப்பன், ஆடுகளோடு நின்றான்.

"யாரைத் தேடுறீங்க?" என்றான்.

"கோயிலைப் பாக்க வந்தேன்."

"கோயில் எங்கயும் போகல. ஊருதான் போயிடுச்சு." அப்புறம் என் பெட்டியைப் பார்த்து, "மருந்து விக்கிறவரா? சொறி மருந்தா? போன வருஷம் ஒருத்தர் குடுத்ததுல ஆடு சொறியிறத நிறுத்திடுச்சு. செத்துப்போச்சு" என்றான். அது என் மருந்துதான். பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

நம் வீட்டு வாசலில் இடுப்பளவு செந்தட்டி. உன் வீட்டு அடுப்புச் சுவர் நிற்கிறது. கோயில் கதவை யாரோ கழற்றிப் போய்விட்டார்கள். ஆனால் வாசல் வளைவு அப்படியே இருக்கிறது, நாம் விரல் விட்டு விளையாடிய அந்தச் சிங்கத்தின் வாய்கூட. உள்ளே போனேன். சுவரில் தீட்டியிருந்த புனிதருக்குக் கால்கள் மட்டும் மிச்சம். பலிபீடம் இருந்த இடத்தில் என்னைவிட உயரமாக ஒரு மரம் வளர்ந்திருக்கிறது. படியில் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றேன். பூசை மணி அடிக்க யார் கயிற்றை இழுப்பது என்று நாம் அடித்துக்கொண்ட இடம் அது. பாதி தின்றுவிட்டு மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்தேன்.

வடக்குப் பக்கமும் போய்ப் பார்த்தேன். கூரை இருக்கிறது. கவலையை விடு.

இவ்வளவு தூரம் நீ வர வேண்டாம் அக்கா. அந்த மேட்டில் எனக்கே மூச்சு வாங்கியது. லியாந்த்ரோவுக்கு என் ஆசிகள்.

உன் தம்பி
எலாதியோ


தாந்தில்
1974 ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிலோமினாவும் நீடூழி வாழ வேண்டும். நான் சுகம், உண்மையிலேயே சுகம். உன் கடிதம் வந்த அன்று ராத்திரி மருந்து இல்லாமல் தூங்கினேன். முதலில் மருமகள் வாசித்தாள். பிறகு அவள் எதையாவது விட்டிருப்பாளோ என்று கண்ணாடி போட்டு நானே வாசித்தேன். "கூரை இருக்கிறது." கிறுக்கல் எழுத்தாக இருந்தாலும் அதைப்போல ஒரு எழுத்தை நான் இதுவரை வாசித்ததில்லை. இன்றைக்கு இருக்கிறதென்றால் அன்றைக்கும் இருந்திருக்கிறது. ஏழு என்ன, இருபதுக்கு மேல் குளிர்காலம் அவள் மேல் தண்ணீர் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குக்காரன் வாயில் புற்று வர.

கப்பல் வேண்டாம் என்று லியாந்த்ரோவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் தண்ணீர் இறைக்கக் காற்றாலை போட்டுக்கொள்ளட்டும். அவனுக்கும் உள்ளுக்குள் அதுதான் ஆசை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பீப்பாய்க்காரனைப் படம் பிடித்து அனுப்பு. கூரை விளிம்பும் அவனும் சேர்ந்து தெரிய வேண்டும். கட்டிலுக்கு எதிரில் மாட்டிவைப்பேன். வெனான்சியோவைக் கிண்டல் செய்ய அவனைக் காட்டித்தான் உங்க தாத்தா என்பேன், அவருக்குக் கோபம் வரும். இங்கே இலைகள் உதிர்கின்றன, அங்கே துளிர்க்கும்.

உன் அக்கா
பெனித்தா


பம்ப்லோனா
1974 மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். வேலை கழுத்தைப் பிடிப்பதால் தாமதம். படம் இத்துடன் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை, பீப்பாய்க்காரன் முகம் தெளிவாக விழவில்லை. வயதாகிறதல்லவா, கல்லும் தேய்கிறது. கூரை நன்றாகத் தெரியும் பார். பிலோமினா உன் நலம் விசாரித்தாள்.

அவசரத்தில்,
எலாதியோ


தாந்தில்
1974 ஜூன் 21

தம்பிக்கு,

பிலோமினா சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தை நீ கேட்க வேண்டாம்.

படத்தில் கூரை இருக்கிறது, கல்லும் இருக்கிறது. சுவரோரம் ஆளுயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கிறது. எலாதியோ, லுசார்தேயில் வடக்குச் சுவரோரம் விறகு அடுக்குகிறவன் உண்டா? பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஆட்டைக்கூட விட மாட்டோம். அந்த இடத்தைத் தாண்டும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், நீயும் கழற்றியவன்தான். இது யார் ஊர்க் கோயில்? எந்தப் பள்ளத்தாக்கில் நின்று என்னை ஏமாற்றினாய்?

பிறகு உன் மார்ச் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பலிபீடம் இருந்த இடத்தில் மரம் வளர்ந்திருக்கிறது என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். கூரைக்குக் கீழே மரம் வளருமா? சந்தோஷத்தில் கண் தெரியாமல் போயிருக்கிறது எனக்கு. முதலில் வாசித்த மருமகளும் அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினாள். கிழவிக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. எல்லோருக்கும் என் மேல் எவ்வளவு இரக்கம்.

இருக்கிறதை இருக்கிறபடி எழுது.

பெனித்தா


பம்ப்லோனா
1974 ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு தேவலையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

கூரை இல்லை. மார்ச்சில் நான் போனபோதே இல்லை. கற்பலகைகள் எல்லாம் உள்ளே விழுந்து புல் மூடிக் கிடந்தன. உருவக் கற்களைக் கடப்பாறை போட்டுப் பெயர்த்து யாரோ விற்றிருக்கிறார்கள். பீப்பாய்க்காரன் இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான். படம் வேறொரு ஊர்க் கோயில். விறகு அங்கே மணியடிக்கிற கோயில்பிள்ளையுடையது. நான் அதைக் கவனிக்கவில்லை. நகரத்துக்கு வந்து பல வருடமாகிவிட்டதல்லவா, விறகைப் பார்த்தால் விறகு என்று மட்டும்தான் தோன்றுகிறது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், நீ அந்த மேட்டில் ஏறி விழுந்து செத்துப்போவாய் என்று பயந்தேன். நீ நிம்மதியாகத் தூங்கட்டும் என்றும் நினைத்தேன். தூங்கினாயே அக்கா, நீயே எழுதினாய்.

உன் கடிதம் வந்த பிறகு, நானே அவளை எடுத்துவிடலாம் என்று மண்வெட்டியும் புதுத் துப்பட்டியும் எடுத்துக்கொண்டு ஜூலையில் போனேன். சுவர் நெடுகத் தோண்டினால் கிடைத்துவிடாதா என்று கணக்குப் போட்டிருந்தேன். போனால் வடக்குச் சுவரே இல்லை. பைன் நடுகிற குத்தகைக்காரன் மரம் இறக்க லாரிப் பாதை போடுகிறான். சுவரை இயந்திரத்தால் தள்ளி, அந்தக் கல்லையே பாதைக்குப் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓட்டுகிறவனை நிறுத்தச் சொன்னேன்.

"என்னண்ணே, கல்லுதானே? யாரு கேக்கப்போறா?"

"இங்க குழந்தைங்க இருக்காங்கப்பா."

அவன் பயந்துபோய்ச் சக்கரத்தைச் சுற்றிக் குனிந்து பார்த்தான். "எங்கண்ணே? யாரையும் காணோமே."

அவன் பாவம், வெளியூர்ப் பையன், இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தன் போத்தலிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தான். மேய்ப்பன் மக்காரியோவும் வந்து, போன மாதம்தான் சுவரைத் தள்ளினார்கள் என்றான். இப்போது அங்கே கல் இறுகிய பாதை. மரம் ஏற்றிய லாரிகள் போகின்றன. மண்வெட்டி பதியாது. வேறெங்காவது என்றால் கைவிட மாட்டேன், இங்கே நான் என்ன செய்ய?

இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று. மன்னிக்கச் சொல்லவில்லை.

எலாதியோ


தாந்தில்
1974 செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். நான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போய்வருகிறேன். இதைச் சொல்லச் சொல்ல லியாந்த்ரோ எழுதுகிறான். அவனுக்கு எழுத்துப்பிழை அதிகம், சிரிக்காதே.

மார்ச்சில் சுவர் நின்றது என்கிறாய். மார்ச்சில் நானும் நின்றேன். ஏப்ரலில் வந்திருந்தால் உன் தோளைப் பிடித்து ஏறியிருப்பேன், இடத்தைக் காட்டியிருப்பேன். செத்தால் அங்கேயே செத்திருப்பேன், அதில் உனக்கு என்ன நஷ்டம்? இதை ஒரு முறை சொல்லிவிட்டேன். இனிச் சொல்ல மாட்டேன், திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.

இப்போது மிச்சம் இருப்பது ஒரு கேள்விதான். கூரை எந்த வருடம் விழுந்தது? லாரி ஏறட்டும், சுவர் போகட்டும், அவள் மேல் ஏழு குளிர்காலம் கோயில் தண்ணீர் விழுந்த பிறகு எது நடந்தால் என்ன? அவள் அங்கே இல்லை, மேலே போய்விட்டாள் என்று இருப்பேன். 1958 வசந்தத்துக்கு முன்னால் விழுந்திருந்தால் அவளுக்கு வழி இல்லை. அப்படியென்றால் எனக்கும் மேலே போய் ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

பங்குச் சாமியார் தோன் கசியானோ ஊர் காலியாகும்வரை இருந்தாராம். உன் ஊரில்தான் வயதான சாமியார்கள் மடத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அவரைக் கேள். இல்லையென்றால் இல்லை என்று எழுது, என்னால் தாங்க முடியும். தாங்க முடியாவிட்டாலும் எழுது. இன்னொரு பொய் சொன்னால் அது எனக்குச் சொன்னதாகாது, அவளுக்குச் சொன்னதாகும்.

உன் அக்கா
பெனித்தா


பம்ப்லோனா
1974 அக்டோபர் 3

மதிப்பிற்குரிய தோன் கசியானோ சுவாமிக்கு,

லுசார்தே எலாதியோ ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். சுவாமி என்னை மறந்திருக்க மாட்டீர்கள், பூசைத் திராட்சை ரசத்தைக் குடித்துவிட்டுத் தண்ணீர் கலந்து வைத்தவன் நான்தான். மடத்துக்கு நேரில் வந்தேன், நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன்.

அர்ஜென்டினாவில் இருக்கும் என் அக்கா பெனித்தா நம் கோயில் கூரை எந்த வருடம் விழுந்தது என்று கேட்டாள். வயதான காலத்தில் ஏதோ பழைய ஞாபகம். தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

பணிவுடன்,
எலாதியோ


பம்ப்லோனா, குருக்கள் இல்லம்
1974 அக்டோபர் 14

சேசுவில் பிரியமுள்ள எலாதியோவுக்கு,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. மூட்டுவலி கையையும் பிடித்துவிட்டது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ரசத்தில் தண்ணீர் கலந்தது அப்போதே எனக்குத் தெரியும். உன் அண்ணன்மார் கலந்ததைவிடக் கொஞ்சம்தான் கலந்தாய் என்று விட்டுவிட்டேன்.

பெனித்தா கோயிலை நினைக்கிறாள் என்பது எனக்கு எவ்வளவு ஆறுதல். நான் 1964-இல் கடைசிப் பூசை வைத்தபோது கூரையில் ஒரு பலகை அசைந்ததில்லை. 1967 பிப்ரவரிப் பெரும்பனியில்தான் விழுந்தது என்று மேய்ப்பர்கள் வந்து சொன்னார்கள். அன்று நான் அழுதேன்.

அந்தக் கூரைக்குப் பெனித்தா செய்ததை அவளிடம் சரியாகச் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அவளும் வெனான்சியோவும் அங்கே போன வருடமே, முதல் ஆட்டுரோமம் விற்ற காசைக் கோயில் கூரைக்கென்று அனுப்பிவைத்தார்கள். தங்களுக்கு ஒரு கட்டில் வாங்கினார்களோ இல்லையோ, கோயிலுக்கு அனுப்பினார்கள். கூரை நன்றாக இருந்தது, ஆனால் வடக்கு இறவாரத் தண்ணீர் சுவரோரமே சொட்டிச் சொட்டிச் சுவர் பச்சை பிடித்து, உள்ளே புனிதர்களின் படம் உரிந்துகொண்டிருந்தது. பட்டணத்திலிருந்து தகர வேலைக்காரனை வரவழைத்து, வடக்கு இறவாரம் நெடுக நல்ல துத்தநாகத் தகரத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலி வைத்தேன். 1952 சகல புனிதர் திருநாளுக்கு முன்பே வேலை முடிந்தது. கூரைத் தண்ணீர் அத்தனையும் பீலியில் ஓடி, மூலைக் குழாயில் இறங்கி, ஓடைக்குப் போனது. அதற்குப் பிறகு அந்தச் சுவரடியில் ஒரு சொட்டு விழுந்ததில்லை. கொட்டுகிற மழையில் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லியிருக்கிறேன், செருப்பு நனையாது.

பெண்கள் சிலர் வந்து முணுமுணுத்தார்கள். ஒருத்தி, பெயர் மறந்துவிட்டது, "சாமி, அதக் கழட்டிடுங்க சாமி" என்று நின்று அழுதாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை. புதிதாக எது செய்தாலும் நம் ஜனங்களுக்குப் பிடிக்காது. கூரை விழும்வரை பீலி அசையவில்லை.

இதைப் பெனித்தாவுக்கு மறக்காமல் எழுது. அவள் காசு வீண்போகவில்லை என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.

உங்கள் பழைய பங்குச் சாமியார்
கசியானோ


பம்ப்லோனா
1974 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எலாதியோ எழுதுகிறேன். உன் மூச்சு எப்படி இருக்கிறது? கல்லறைத் திருநாளுக்கு வெனான்சியோ பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிலோமினா அழுதாள். அவர் கடைசியாகச் சொன்ன வேடிக்கைக் கதையைச் சொல்லி நான் சிரிக்கவைத்தேன்.

தோன் கசியானோவுக்கு எழுதினேன், பதில் வந்தது. கூரை விழுந்தது 1967 பிப்ரவரிப் பெரும்பனியில். ஊர் காலியானபோது ஒரு பலகைகூட அசையவில்லையாம், அவரே எழுதியிருக்கிறார். நீ கேட்டது ஏழு குளிர்காலம். நின்றது பதினைந்து. அந்தப் பள்ளத்தாக்குக்காரன் உளறியிருக்கிறான்.

மழை பெய்ததா என்று கேட்பாய். லுசார்தேயில் மழைக்கு என்றைக்குப் பஞ்சம்? நீயே சொல்வாய், நம் ஊரில் துணி காய்வது சாமி கொடுக்கிற வரம் என்று.

சாமியார் கடிதத்தை அனுப்பலாம் என்று பார்த்தால் அதில் பாதி அவருடைய மூட்டுவலி. அதனால் அனுப்பவில்லை. கூரையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, பிலோமினா மேல் ஆணை. இனி நன்றாகத் தூங்கு அக்கா.

உன் தம்பி
எலாதியோ


தாந்தில்
1974 நவம்பர் 25

என் அன்புள்ள தம்பிக்கு,

நீயும் பிலோமினாவும் நூறு வயது இருக்க வேண்டும். இந்த முறை லியாந்த்ரோ இல்லாமல் நானே எழுதுகிறேன். வரிக்கு வரி ஓய்வு எடுத்து எழுதுவதால் கோணலாக இருக்கும்.

பதினைந்து குளிர்காலம். உன்னை எவ்வளவு திட்டினேன், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். நேற்று மருமகள் தலை வாரிவிடும்போது நான் பாடினேனாம். எனக்குத் தெரியாது, அவள்தான் சொன்னாள்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பார்கள். அதனால் நான் மனதுக்குள் வைத்த பெயரை வெனான்சியோவிடம்கூடச் சொன்னதில்லை. உன் கடிதம் வந்த அன்று லியாந்த்ரோவைக் கூப்பிட்டு, "உனக்கு ஒரு அக்கா இருக்காடா, ஒலாயா" என்றேன். அவன் பெரிய ஆள், மீசைக்காரன், கட்டிலில் உட்கார்ந்து அழுதான். உனக்கும் சொல்கிறேன், உன் அக்கா மகள் பெயர் ஒலாயா. ஜெபத்தில் சேர்த்துக்கொள்.

டாக்டர் நேற்று வந்தார். இந்த முறை என்னிடமே சொல்லிவிட்டார். நான் பயப்படவில்லை, அவருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

சாமியார் கடிதத்தில் பாதி மூட்டுவலி என்று எழுதினாயே, எனக்கு அந்த மூட்டுவலியும் வேண்டும் போலிருந்தது. உன் மேல் சந்தேகம் இல்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர் கையெழுத்தில் ஒரு முறை வாசிக்க ஆசை, அவ்வளவுதான். அதனால் தோன் கசியானோவுக்கே எழுதிவிட்டேன். ஒலாயாவைப் பற்றி ஒளிக்காமல் எல்லாம் எழுதி, நாங்கள் போன பிறகு அந்தக் குளிர்காலங்களில் வடக்கு இறவாரத்தில் தண்ணீர் எப்படி விழுந்தது என்று அவருக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் எனக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எழுதிய கடிதத்தை லியாந்த்ரோ காலையிலேயே தபாலில் போட்டுவிட்டான். இதையும் இப்போது கொடுத்தனுப்புகிறேன்.

அவர் பதில் வரும்வரை எப்படியும் இருந்துவிடுவேன்.

உன் பிரியமுள்ள அக்கா
பெனித்தா